ஒரு மறையுரையும் ஒரு மரமும்

இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் ஒரு கதையை மறையுரையில் சொல்லி வந்தோம். குருமட நாள்களில், படைப்பைப் பற்றிய இறையியல் வகுப்பில் பேராசிரியர் ஒருவர் எடுத்துரைக்கக் கேட்ட கதை அது. அறுவடை நன்றித் திருப்பலியிலும், மரம் நடுவிழாவிலும், இளையோர் முகாமிலும் அதைச் சொன்னோம். கேட்டவர்களின் முகத்தில் ஒவ்வொரு முறையும் துயரம் படர்வதைக் கண்டு, நல்ல மறையுரை ஆற்றிவிட்டோம் என்ற நிறைவோடு இருக்கைக்குத் திரும்பியதும் உண்டு.

கதை இதுதான். இந்தியப் பெருங்கடலில் மொரீசியஸ் என்றொரு தீவு. அங்கு டோடோ என்ற பெரும்பறவை வாழ்ந்தது. அதனால் பறக்க இயலாது. மனிதரைக் கண்டு அஞ்சவும் அதற்குத் தெரியாது. அத்தீவில் தம்பலகோக் என்ற மரமும் இருந்தது. அம்மரத்தின் விதை கல்லைப் போன்ற ஓடுடையது. டோடோ அக்கனியை விழுங்க, அதன் அரைவைப்பையில் ஓடு தேய்ந்து, பின்னரே விதை முளைக்கும். மனிதர் வந்தனர், டோடோ அழிந்தது. அன்றிலிருந்து முந்நூறு ஆண்டுகளாக அம்மரத்தின் ஒரு விதையும் முளைக்கவில்லை. எஞ்சியவை பதின்மூன்று முதுமரங்களே. அவை மடியும் நாளை எதிர்நோக்கி நிற்கின்றன. ஒன்றைக் கொன்றால் மற்றொன்றையும் கொல்கிறோம் என்பது நாம் சொன்ன பாடம்.

இக்கதை நம் பேராசிரியரின் கற்பனையன்று. 1977-ஆம் ஆண்டு ஸ்டான்லி டெம்பிள் என்ற அமெரிக்க அறிவியலார் புகழ்பெற்ற ‘சயின்ஸ்’ இதழில் வெளியிட்ட கருத்து அது. டோடோவுக்குப் பதிலாக வான்கோழிகளுக்கு அவர் பதினேழு கனிகளை ஊட்டினார். மூன்று விதைகள் முளைத்தன. உலகெங்கும் பாடநூல்களில் அது இடம் பெற்றது. எனவே ஐயுற வேண்டிய தேவை நமக்கு எழவில்லை.

2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் அத்தீவை நேரில் காணும் வாய்ப்பு அமைந்தது. நம்மோடு குருமடத்தில் பயின்ற நண்பர் ஒருவர் அங்குப் பணியாற்றுகிறார். பத்து நாள்கள் வந்து தங்கி, கடலையும் காட்டையும் பார்த்துப் போகுமாறு பல ஆண்டுகளாக அழைத்துக் கொண்டிருந்தார். நாமும் சென்றோம். மறையுரையில் சொன்ன மரத்தை ஒருமுறை தொட்டுப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் உள்ளூர இருந்தது.

கடலும் கரும்பும்

மடகாஸ்கருக்குக் கிழக்கே, ஆழ்கடலின் நடுவே எரிமலைக் குழம்பு குவிந்து உருவான தீவு மொரீசியஸ். அதன் மிக உயர்ந்த சிகரமே 828 மீட்டர்தான். தீவைச் சுற்றி ஏறக்குறைய முழுவதுமாகப் பவளப் பாறை அரண் அமைந்துள்ளது. பேரலைகள் அந்த அரணில் மோதி வெண்கோடாய் உடைந்துவிட, உட்புறத்துக் கடல் குளம்போல் அமைதியாய்க் கிடக்கிறது. முதல் நாள் மாலை அந்நீரில் முழங்காலளவு நின்றபோது, பாதத்தின் அடியில் ஊர்ந்த சிறு நண்டையும் தெளிவாகக் காண முடிந்தது. இத்தகைய கடற்கரையை நாடியே ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் அங்கு வருகின்றனர். அவர்களைக் குறை கூற நமக்கு மனமில்லை. நாமும் அவ்வாறு வந்தவர்தாம்.

ஆனால் கடற்கரையை விட்டுச் சாலையில் ஏறினால் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை கரும்புதான். மே மாதத்தில் கரும்பு பூத்து நிற்கிறது. காற்றில் அசையும் அப்பூங்கதிர்கள் அழகாகவே உள்ளன. வயல்களின் நடுவே ஆங்காங்கே கருங்கற்களைக் கூம்பாய்க் குவித்து வைத்திருக்கின்றனர். உழுவதற்காக நிலத்திலிருந்து மனிதர் கையால் பொறுக்கிய எரிமலைக் கற்கள் அவை. அக்கற்களைப் பொறுக்கியவர் யார், அதற்கு முன் அந்நிலத்தில் நின்றது என்ன என்று கேட்டால், தீவின் வரலாறு முழுவதையும் சொல்ல வேண்டிவரும்.

வந்திறங்கியவர்கள்

மனிதர் குடியேறுமுன் அத்தீவில் வௌவாலைத் தவிரப் பாலூட்டி விலங்கு எதுவும் நிலத்தில் இல்லை. எலி இல்லை, பூனை இல்லை, பன்றி இல்லை. ஆகவே பறவைகளுக்குத் தரையில் பகைவர் இல்லை. கருங்காலி மரங்கள் அடர்ந்த காட்டில் பெரும் நில ஆமைகள் மேய்ந்தன. புறா இனத்தைச் சேர்ந்த ஒரு பறவை எக்காலத்திலோ அங்கு வந்து சேர்ந்து, பறக்க வேண்டிய தேவை இன்றித் தலைமுறை தலைமுறையாய்ப் பருத்து, டோடோ ஆயிற்று. உயிரோடிருக்கும் பறவைகளுள் அதற்கு மிக நெருங்கிய உறவு, நம் நாட்டு நிக்கோபார் தீவுகளிலும் வாழும் நிக்கோபார் புறாவே என்பதை 2002-இல் வெளிவந்த மரபணு ஆய்வு காட்டியது.

1598-இல் டச்சுக் கப்பல்கள் தென்கிழக்குக் கரையில் நங்கூரம் இட்டன. தம் இளவரசர் மொரித்சின் பெயரைத் தீவுக்குச் சூட்டினர். டோடோவின் இறைச்சி அவர்களுக்குச் சுவைக்கவில்லை; அருவருப்பூட்டும் பறவை என்றே அதற்குப் பெயர் வைத்தனர். மனிதர் தின்றே டோடோவைத் தீர்த்தனர் என்ற பொதுக் கருத்து முழு உண்மை அன்று. கப்பல்களோடு வந்த எலியும், பன்றியும், குரங்கும் தரையில் கிடந்த முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றன. 1638-இல் டச்சுக்காரர் குடியேறினர். அடுத்த ஆண்டே சாவகத் தீவிலிருந்து மானும் கரும்பும் வந்து சேர்ந்தன. மடகாஸ்கரிலிருந்து அடிமைகளும் கொண்டுவரப்பட்டனர். கருங்காலி மரங்கள் வெட்டப்பட்டுக் கப்பலேறின.

டோடோவைக் கண்டதாகப் பெரும்பாலார் ஏற்கும் கடைசிச் செய்தி 1662-ஆம் ஆண்டுக்குரியது. வந்திறங்கி அறுபத்து நான்கு ஆண்டுகள், அவ்வளவுதான். அது மறைந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை, மறைகிறது என்பதையே எவரும் உணராததால். பிற்காலத்தில், அப்படி ஒரு பறவை இருந்ததா அல்லது மாலுமிகள் கட்டிய கதையா என்று கற்றோரே ஐயுற்றனர். 1865-இல் ஜார்ஜ் கிளார்க் என்ற பள்ளி ஆசிரியர், மார் ஓ சோஞ்ச் என்ற சதுப்பில் கூலியாட்களை இறக்கி, சேற்றுக்குள் காலால் துழாவச் செய்தார். டோடோவின் எலும்புகள் திரளாய்க் கிடைத்தன.

டச்சுக்காரர் 1710-இல் தீவை விட்டகன்றனர். 1715-இல் பிரெஞ்சுக்காரர் உரிமை கொண்டாடி, 1721 முதல் குடியேறினர். அக்காலத்து ஆட்சியாளருள் ஒருவர் நம் நினைவில் நிற்கத் தக்கவர். பியேர் புவாவ்ர் என்பவர் இளமையில் பாரிசு நகர மறைபரப்புச் சபையாரோடு கீழை நாடுகளுக்குச் சென்றவர். 1745-இல் ஆங்கிலேயரின் பீரங்கிக் குண்டால் வலக்கையை இழந்தார், குருவாகவில்லை. 1767 முதல் 1772 வரை தீவின் நிருவாகப் பொறுப்பில் இருந்த அவர், காடு அழிந்தால் மழையும் குறையும் என்று கருதினார். ஒவ்வொருவர் நிலத்திலும் கால் பங்கைக் காடாகவே விட வேண்டும் என்று 1769-இல் விதி செய்தார். விதி நன்று. ஆனால் சர்க்கரையின் விலை அதனினும் வலிமை உடையதாயிற்று. 1810-இல் ஆங்கிலேயர் தீவைக் கைப்பற்றிய பின் கரும்பு மலையடிவாரம் வரை ஏறியது. இன்று நல்ல நிலையில் எஞ்சியுள்ள இயற்கைக் காடு தீவின் பரப்பில் நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு.

மலையில் ஒளிந்தவர்கள்

தென்மேற்கு மூலையில் லெ மோர்ன் என்ற மலை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. உயரம் 556 மீட்டர். கீழே வெண்மணற் கரை, மேலே செங்குத்தான பாறை. காலையில் நடப்போர் கூட்டத்தோடு நாமும் ஏறினோம். வயதும் முழங்காலும் பாதி வழி வரையே அனுமதித்தன. அங்கிருந்து பார்த்த கடலின் நிறங்களை எழுத்தில் வடிக்க நம்மால் இயலாது.

அந்த மலைதான் தப்பியோடிய அடிமைகளின் அடைக்கலம். மடகாஸ்கரிலிருந்தும் ஆப்பிரிக்கக் கிழக்குக் கரையிலிருந்தும் கொண்டுவரப்பட்டோர், தோட்டங்களிலிருந்து தப்பி அப்பாறைகளில் ஒளிந்து வாழ்ந்தனர். 1835-இல் விடுதலை அறிவிப்போடு காவலர் மலையை நோக்கி வந்தபோது, தம்மைப் பிடிக்க வருகின்றனர் என்றஞ்சிப் பலர் பாறையிலிருந்து குதித்து மாண்டனர் என்று மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 2008-இல் யுனெஸ்கோ அம்மலையை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

விடுதலை பெற்றோர் அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். ஆங்கில அரசு இருபது இலட்சம் பவுனுக்கும் மேல் இழப்பீடு கொடுத்தது. அடிமைகளுக்கன்று, அவர்களின் உடைமையாளர்களுக்கு. அடிமைகளுக்குப் பதிலாக ஒப்பந்தக் கூலிகளாக 1834 முதல் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் வந்திறங்கினர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இந்தியர். சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறிய தமிழரும் அவர்களுள் உண்டு. வயல் நடுவே குவிந்து கிடக்கும் கற்கள் இவர்களின் கைகள் பொறுக்கியவை.

விடுதலை பெற்றும் வழியறியாது நின்ற கறுப்பின மக்களிடையே 1841-இல் வந்து சேர்ந்தவர் ஜாக் தெசிரே லாவல் என்ற பிரெஞ்சுக் குரு. மருத்துவராயிருந்து குருவானவர். அவர்களின் கிரியோல் மொழியைக் கற்று, 1864-இல் இறக்கும் வரை அவர்களோடே வாழ்ந்தார். 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவரை அருளாளராக உயர்த்தினார். போர்ட் லூயி நகரின் சேன்ட் குருவா ஆலயத்தில் உள்ள அவரது கல்லறையில் எல்லாச் சமயத்தாரும் மெழுகுதிரி ஏற்றக் கண்டோம். தீவின் அழகை மட்டும் பார்த்துவிட்டு மக்களைப் பாராமற் போயிருந்தால், அவர் அங்கு இருந்திருக்க மாட்டார் என்று எண்ணிக் கொண்டோம்.

மரத்தடியில்

நாம் காத்திருந்த நாள் வந்தது. தீவின் தென்மேற்கில், 1994-இல் அமைக்கப்பட்ட பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்கா உள்ளது. எஞ்சிய காட்டின் பெரும்பகுதி அதனுள் அடங்கும். பெத்ரின் என்ற இடத்திலிருந்து மக்கபே காட்டுக்கு ஒரு நடைவழி செல்கிறது. மக்கபேயர் நூல்களைப் படித்தவர் செவிக்குப் பழகிய பெயர். நண்பர் ஏற்பாடு செய்திருந்த வழிகாட்டி ஓர் இளம்பெண். குடும்பப் பெயர் தமிழ்ப் பெயர். பேசும் மொழி கிரியோல். நம்மிடம் ஆங்கிலத்தில் பேசினார். அந்நாட்டு வழக்கப்படி நம்மை ‘மோன் பேர்’, அதாவது ‘என் தந்தையே’ என்று அழைத்தார்.

மேட்டு நிலத்தில் மெல்லிய தூறலும் மூடுபனியும் இருந்தன. பாதையின் இருபுறமும் ஆளுயரத்துக்கு மேல் ஒரே வகைப் புதர் மண்டிக் கிடந்தது. அதில் சிவந்த சிறு பழங்கள். வழியில் கண்டோர் எல்லாரும் அப்பழங்களைப் பறித்துத் தின்றனர்; சிலர் பைகளில் நிரப்பிக் கொண்டனர். நாமும் சிலவற்றைத் தின்றோம். புளிப்பும் இனிப்பும் கலந்த நல்ல சுவை. சீனக் கொய்யா என்பது அங்கு அதன் பெயர். உண்மையில் அது பிரேசில் நாட்டிலிருந்து வந்தது.

ஒரு திருப்பத்தில் வழிகாட்டி நின்றார். பருத்த அடிமரமும் சாம்பல் நிறப் பட்டையும் கொண்ட ஒரு பெருமரத்தைக் காட்டி, “தம்பலகோக்” என்றார். நாம் அதன் மீது கை வைத்தோம். நெஞ்சு நிறைந்திருந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாகச் சொல்லி வந்த கதையை அவரிடமும் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மன்னிக்க வேண்டும், மோன் பேர். அது உண்மையில்லை” என்றார்.

பின்னர் அவர் விளக்கியவை இவை. அம்மரங்கள் பதின்மூன்றல்ல, நூற்றுக்கணக்கில் உள்ளன. இம்மரத்தில் ஆண்டு வளையம் தோன்றுவதில்லை, ஆகவே எல்லாம் முந்நூறு ஆண்டு முதுமரங்கள் என்பதற்கு அடிப்படையே இல்லை, இளமரங்களும் உண்டு. எந்தப் பறவையின் வயிற்றுக்குள்ளும் போகாமலே விதை ஓடு பிளந்து முளைக்கும் என்பது 1941-லேயே எழுதப்பட்டிருக்கிறது. வான்கோழிக்கு ஊட்டாத விதைகளையும் அருகே நட்டு ஒப்பிட்டிருந்தால் டெம்பிள் அதனைக் கண்டிருப்பார். அவர் அவ்வாறு நடவில்லை. 1991 அளவிலேயே ஆய்வாளர்கள் அக்கருத்தை மறுத்துவிட்டனர். நாம் அதைச் சொல்லத் தொடங்கியதோ அதற்கும் பின்னர்.

“அப்படியானால் இம்மரம் ஏன் அருகி வருகிறது?” என்று கேட்டோம்.

அவர் பாதையோரப் புதரைக் காட்டினார். “கனி பழுக்குமுன் குரங்கு பறித்து எறிகிறது. தப்பி விழுந்த விதை முளைத்தால் பன்றி கிளறுகிறது, மான் மேய்கிறது. அதற்கும் தப்பினால் இந்தக் கொய்யா வெயிலை மறைத்துவிடுகிறது. டோடோ போனதால் இம்மரம் சாகவில்லை, மோன் பேர். நாம் கொண்டுவந்தவை போகாததால் சாகிறது.”

நம் வாயில் இன்னும் அப்பழத்தின் இனிப்பு இருந்தது.

சிறிது தொலைவில் வேலியிட்ட ஒரு பகுதிக்கு அழைத்துச் சென்றார். அதனுள் கொய்யா இல்லை. 1980-களின் இறுதி முதல் இக்காட்டின் சில பகுதிகளை இவ்வாறு வேலியிட்டுக் களையெடுத்து வருகின்றனர். கொய்யாவை வெட்டினால் மீண்டும் தழைக்கும். வேரோடு பிடுங்க வேண்டும். பிடுங்கிய இடத்தில் மீண்டும் முளைக்கும். மீண்டும் வந்து பிடுங்க வேண்டும். உள்ளே தரையெங்கும் சிறு கன்றுகள் நின்றன. வெளியில் நாம் காணாத பசுமை வகைகள் அங்கு இருந்தன. முழங்காலளவு உயர்ந்திருந்த ஒரு கன்றைச் சுட்டி, “இதுவும் தம்பலகோக்தான்” என்றார்.

திரும்பும் வழியில் நாம் அதிகம் பேசவில்லை. ஒப்புரவு அருளடையாளத்தில் மனத்துயர், பாவ அறிக்கை, பரிகாரம் என மூன்றையும் திருச்சபை கேட்கிறது. நாம் சொன்ன கதையில் மனத்துயர் இருந்தது, அறிக்கையும் இருந்தது, பரிகாரத்துக்கு இடமே இல்லை. டோடோ போயிற்று, மரமும் போகும், என்ன செய்வது என்று பெருமூச்சு விட்டு மக்களை வீட்டுக்கு அனுப்பினோம். அந்தத் துயரத்துக்கு விலையே இல்லை; அதனால்தான் எல்லாருக்கும் பிடித்திருந்தது. உண்மையோ, குனிந்து களை பிடுங்கும் கை வேண்டும் என்று கேட்கிறது.

நான்கு பறவைகள்

அத்தகைய கைகள் அத்தீவில் இருந்தன. மொரீசியஸ் காட்டுக்கே உரிய சிறு வல்லூறு ஒன்று உண்டு. காடு அழிந்ததாலும், மலேரியாவை ஒழிக்கத் தெளித்த டி.டி.டி. நஞ்சாலும் அது குன்றியது. 1974-இல் காட்டில் அறியப்பட்டவை நான்கே. அவற்றுள் முட்டையிடும் பெண் ஒன்று. உலகிலேயே மிக அரிதான பறவை எனப்பட்டது. அதன் முடிவு உறுதி என்று பலர் கருதினர்.

1979-இல் கார்ல் ஜோன்ஸ் என்ற வேல்சு நாட்டு இளைஞர் அங்கு வந்தார். கூட்டிலிருந்து முதல் முட்டைகளை எடுத்துவிட்டால் தாய்ப்பறவை மீண்டும் இடும் என்பதை அறிந்து, பாறைகளில் ஏறி முட்டைகளை எடுத்துச் செயற்கை வெப்பத்தில் பொரிக்க வைத்தார். குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விட்டார். நூற்றாண்டு முடியுமுன் நான்கு, நூற்றுக்கணக்கில் பெருகியது. 1990-ஆம் ஆண்டளவில் காட்டில் பத்தளவே எஞ்சியிருந்த இளஞ்சிவப்புப் புறாவும், ஏறக்குறைய அதே நிலையிலிருந்த எக்கோ பச்சைக்கிளியும் இவ்வாறே மீண்டன. இன்று இவையும் நூற்றுக்கணக்கில் வாழ்கின்றன.

மீண்டன என்று எழுதினோம். ஆயினும் பணி முடியவில்லை. புறாக்களுக்கு இன்றும் தீனி வைக்கின்றனர். கூடுகளின் அருகே எலியும் பூனையும் வராமல் பொறி வைக்கின்றனர். இந்தக் காவலை ஒருசில ஆண்டுகள் கைவிட்டால் எண்ணிக்கை மீண்டும் சரியும். மக்கபே காட்டின் விளிம்பில் நாம் கண்ட ஒரு புறா, காலில் வண்ண வளையங்களுடன் கிளையில் அமர்ந்திருந்தது. அந்த வளையத்தின் நிறத்தைக் கொண்டு அதனை இன்னது என்று தனித்து அறியக்கூடியவர்கள் இருக்கின்றனர்.

ஆமையும் கருங்காலியும்

புறப்படுவதற்கு முந்தைய நாள் தென்கிழக்கே மாஹேபூர் நகருக்கு எதிரில் உள்ள இல் ஓ எய்கிரெத் என்ற சிறு தீவுக்குப் படகில் சென்றோம். பரப்பு ஏறத்தாழ 26 எக்டேர். நடந்தே சுற்றி விடலாம். 1965 முதல் அது காப்பிடம். 1980-களின் நடுப்பகுதியிலிருந்து மொரீசியஸ் வனவுயிர் அறக்கட்டளை அதைப் பேணி வருகிறது. எலிகளை முற்றாக ஒழித்து, அயல் செடிகளைப் பிடுங்கி, பழைய கரையோரக் காட்டை மீண்டும் வளர்த்திருக்கின்றனர்.

அங்கு மரநிழலில் பெரும் நில ஆமைகள் நடமாடுகின்றன. மொரீசியசின் சொந்த நில ஆமைகள் இரண்டினமும் மனிதர் கையால் அழிந்து போயின. ஆகவே 2000-ஆம் ஆண்டு முதல், செஷல்ஸ் நாட்டு அல்தாப்ரா ஆமைகளை அவற்றின் இடத்தில் விட்டிருக்கின்றனர். அவை கருங்காலிக் கனிகளைத் தின்று, விதைகளை வேறிடத்தில் இட்டுச் செல்கின்றன. ஆமையின் வயிற்றின் வழியே வந்த விதைகள் நன்றாக முளைப்பதையும், மரமே இல்லாதிருந்த இடங்களில் கருங்காலிக் கன்றுகள் தோன்றியிருப்பதையும் 2011-இல் ஆய்வாளர்கள் கணக்கிட்டு வெளியிட்டனர். நாம் டோடோவைக் கொண்டு சொன்ன பாடம், அளந்து பார்க்கப்பட்ட உண்மையாய் அங்கு ஆமையின் முதுகில் ஊர்ந்து கொண்டிருந்தது. அதுவும் இழந்ததைப் பற்றிய பாடமாக அன்று, மீட்டதைப் பற்றியதாக.

அத்தீவின் கரையிலிருந்து பவளத் திட்டின் மீது உடையும் அலைகள் தெரிந்தன. 2020 ஜூலை 25 அன்று ‘வக்காஷியோ’ என்ற பெருங்கப்பல் அதன் மீதுதான் மோதி நின்றது. ஆகஸ்டு மாதத்தில் ஏறத்தாழ ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கசிந்தது. இத்தீவின் கரையையும் அது தொட்டது. நாற்றங்காலிலிருந்த கன்றுகளையும், சில பறவைகளையும் ஊர்வனவற்றையும் அவசரமாக அப்புறப்படுத்தினர். அப்போது மக்கள் அரசை எதிர்பார்த்து நிற்கவில்லை. மீனவரும் மாணவரும் இல்லத்தரசியருமாய் ஆயிரக்கணக்கில் கரைக்கு வந்தனர். கரும்புச் சோகையைத் துணியில் திணித்து, நீண்ட உருளைகளாய்த் தைத்து, எண்ணெயைத் தடுக்கும் மிதவைகளாய்க் கடலில் இட்டனர். சிலர் தம் தலைமுடியைக் கத்தரித்துத் தந்தனர்.

கரும்புச் சோகை. எந்தப் பயிருக்காகத் தீவின் காடு அழிக்கப்பட்டதோ, எந்தப் பயிருக்காக அவர்களின் பாட்டன் பூட்டன் அடிமைகளாகவும் கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டனரோ, அதே பயிரின் சருகை அவர்கள் இரவு பகலாய்த் தைத்தனர். அதைச் செய்யும்படி அவர்களுக்கு எவரும் மறையுரை ஆற்றியிருக்கத் தேவையில்லை.

பங்குக்குத் திரும்பிய பின்

ஊர் திரும்பிய பின் வந்த இரண்டாம் ஞாயிறு, நாம் மறையுரையில் அக்கதையை மீண்டும் எடுத்தோம். இதுகாறும் சொன்னது தவறு என்று அறிவித்தோம். அது எளிதாய் இல்லை. குருவானவர் மேடையில் சொன்னதைப் பொய் என்று அவரே சொன்னால், மற்றவற்றையும் மக்கள் ஐயுறமாட்டார்களா என்று முந்திய இரவு நமக்குள் வாதாடியதை ஒளிக்க விரும்பவில்லை. ஆயினும் கொய்யாவைத் தின்றுகொண்டே காட்டுக்காக வருந்தும் மனிதராய் இனியும் இருக்க நம்மால் இயலவில்லை. மரம் ஏன் சாகிறது, வேலிக்குள் அது எவ்வாறு முளைக்கிறது, அதற்காக மனிதர் எத்தனை ஆண்டுகளாகக் குனிந்து களை பிடுங்குகின்றனர் என்பனவற்றைச் சொன்னோம். இம்முறை எவர் முகத்திலும் பழைய துயரத்தைக் காணவில்லை. சற்றுக் குழப்பமே தெரிந்தது.

திருப்பலி முடிந்து வாயிலில் நின்றபோது, நாள்தோறும் காலைப் பூசைக்கு வரும் முதியவர் ஒருவர் நம் அருகே வந்தார். கைம்பெண், எழுத்தறியாதவர், பழைய கதையைப் பலமுறை கேட்டவர். நம் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“அப்ப அந்த மரம் சாகலையா, சாமி?”

“இல்லையம்மா. சிறு கன்று ஒன்றை நானே பார்த்தேன்.”

“அத யாரு பாத்துக்கிறாங்க?”

அந்தக் கேள்வியை இருபத்தைந்து ஆண்டுகளில் எவரும் நம்மிடம் கேட்டதில்லை. கேட்கும்படி நாம் கதை சொல்லவுமில்லை. வேலிக்குள் கண்டவற்றை அவருக்கு மீண்டும் ஒருமுறை, முதலிலிருந்து விரிவாகச் சொல்லத் தொடங்கினோம்.